வுழூவைப் போலச் சுகாதாரத்தையும் செய்து காட்டிப் படிப்பிப்போம்

புதிய கல்விச் சீர்திருத்தம் இவ்வருடம் தரம் 1இல் ஆரம்பமாகிவிட்டது. தரம் 6க்கான சீர்திருத்தம், ஆங்கில மொடியூலில் எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து 2027க்குப் பிற்போடப்பட்டது. பிழை யாருடையது, யார் பதவி விலக வேண்டும் என்று பாராளுமன்றத்திலும் முகநூலிலும் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. அதனால் கிடைத்திருக்கும் அவகாசத்தை என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சுத்தான் மிகக் குறைவு. புத்தகத்தில் என்ன இருக்கக் கூடாது என்று ஆராய்ந்த அளவுக்கு, புத்தகத்தில் இருப்பதை எப்படிப் படிப்பிப்பது என்று நாம் ஆராயவில்லை.

ஒரே ஒரு பாடத்தை வைத்து இதைப் பேசலாம். தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளும் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' படிக்கிறார்கள். சாதாரண தரத்தில் அது விரும்பியவர்கள் தெரிவு செய்யும் பாடம். பல பாடசாலைகளில் அதற்கு 'லேசான பாடம்' என்று பெயர். நேரசூசியில் ஆள் குறைந்தால் யாருக்கும் கொடுத்துவிடலாம். பெறுபேறு வந்ததும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றிக் கூட்டம் வைக்கிறோம். சுகாதாரத்துக்காகக் கூட்டம் வைத்த பாடசாலை அபூர்வம்.

ஆனால் அந்தப் பாடத்தின் உண்மையான பெறுபேறு வைத்தியசாலைகளில் வெளியாகிக்கொண்டிருக்கிறது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வொன்று, இலங்கையின் வளர்ந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2017இல் மட்டும் 186,000க்கும் அதிகமானோரை டெங்கு பிடித்தது; 400க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். வினாயகபுரத்திலிருந்து கல்முனை வரையான எமது கரையோரத்தில் சீனி வியாதி இல்லாத ஒரு குடும்பத்தைத் தேடிப் பார்த்தால் விஷயம் விளங்கும். நுளம்புக்குத் தமிழ்க் கிராமம், முஸ்லிம் ஊர் என்ற எல்லையும் கிடையாது.

இவை எவையும் தகவல் தெரியாததால் வரும் வியாதிகள் அல்ல. நுளம்பு பெருகும் ஐந்து இடங்களை எழுதுக என்று கேட்டால் தரம் 9 பிள்ளை ஏழு இடங்களை எழுதும். அதே பிள்ளையின் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கும் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் மழைத் தண்ணீர் நிற்கும். விடைத்தாளுக்கும் பின்வளவுக்கும் இடையில் உள்ள அந்தத் தூரம்தான் எமது சுகாதாரக் கல்வியின் பிரச்சினை.

மாதிரி வந்தது, வகுப்பறை மாறவில்லை

எமக்குக் கற்பித்தல் மாதிரிகள் பஞ்சமில்லை. 2007இல் தேர்ச்சி மையப் பாடவிதானம் தரம் 6இலும் 10இலும் தொடங்கியபோது 'ஐந்து ஈ' மாதிரியும் சேர்ந்தே வந்தது. பிள்ளையை ஈடுபடுத்து, தேடிக் கண்டறிய விடு, விளக்கச் செய், விரிவுபடுத்து, மதிப்பிடு என்பது அதன் ஒழுங்கு. தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளை அதன்படி எழுதியது. செயலமர்வுகள் நடந்தன. கலாசாலைகளில் பயிற்சி பெற்றவர்கள் அதை வைத்துப் பாடத்திட்டம் எழுதினோம். நல்ல மாதிரிதான்.

ஆனால் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் குறிப்புச் சொல்லி எழுதுவித்தலே நடந்தது, இன்றும் நடக்கிறது. இதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணம் சொல்வது லேசு. உண்மைக் காரணம் வேறு. பிள்ளையின் பெறுபேற்றைத் தீர்மானிப்பது இறுதியில் வரும் எழுத்து வினாத்தாள். கை கழுவத் தெரிகிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. கை கழுவும் படிமுறைகளை எழுதத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே ஆசிரியர் படிப்பிப்பார், அதையே பெற்றோரும் எதிர்பார்ப்பார்கள். ரியூசன் வகுப்பும் அதைத்தான் விற்கும். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் செயன்முறைப் பரீட்சை வைக்கும் நாடு, உயிரைக் காக்கும் பாடத்துக்கு அதை வைப்பதில்லை.

மொடியூல் என்ற புதிய பெயரிலும் இதே கதை நடக்கலாம். பழைய புத்தகத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்பும் ஒரு வினாத்தாளும் கொடுத்தால் அட்டை மட்டுமே மாறியிருக்கும்.

வைத்தியர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?

இந்தப் பிரச்சினையை மருத்துவக் கல்வி எமக்கு முன்பே சந்தித்துவிட்டது. நன்றாக விடை எழுதிச் சித்தியடைந்தவர் நோயாளியின் கட்டிலருகே தடுமாறுவதைக் கண்டுதான் அவர்கள் தமது முறைகளை மாற்றினார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல், விரிவுரையில் தொடங்காமல் ஒரு நோயாளியின் பிரச்சினையில் பாடத்தைத் தொடங்கியது. 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் புதுவகைப் பரீட்சை ஒன்றை அறிமுகப்படுத்தினார். மாணவர்கள் ஒவ்வொரு மேசையாகச் சென்று, பரீட்சகர் பார்த்திருக்க ஒவ்வொரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். கொழும்பு மருத்துவ பீடமும் 1995இல் தன் பாடவிதானத்தை ஒருங்கிணைந்த முறைக்கு மாற்றியது.

1990இல் ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் இதையெல்லாம் ஒரு கூம்பகமாக வரைந்து காட்டினார். அதில் நான்கு படிகள். அடியில் இருப்பது ஒரு விஷயத்தை அறிந்திருத்தல். அதற்கு மேல், அதை எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல். மூன்றாவது, செய்து காட்டுதல். உச்சியில் இருப்பது, யாரும் பார்க்காதபோதும் அன்றாட வாழ்வில் அதைச் செய்தல். ஒவ்வொரு படியையும் வெவ்வேறு விதமாகத்தான் சோதிக்க வேண்டும் என்பது அவர் வாதம். வினாத்தாள் கீழ்ப்படிகளை மட்டுமே அளக்கும்.

ஆக, வைத்தியருக்கு ஒரு விதமான படிப்பும் நோயாளிக்கு வேறொரு விதமான படிப்பும் நடக்கிறது. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் வேலை செய்யும் வைத்தியர் செய்து காட்டித்தான் சித்தியடைந்தார். அவரிடம் சீனி வியாதிக்கு மருந்தெடுக்க வரிசையில் நிற்பவரோ பாடசாலையில் சுகாதாரத்தைக் குறிப்பெழுதிப் படித்தவர்.

எம்மிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரி

முஸ்லிம் வாசகர்களுக்கு மில்லரின் கூம்பகம் அந்நியமாகத் தோன்றத் தேவையில்லை. எங்களில் யாராவது வுழூவைக் குறிப்பெழுதிப் படித்தோமா? குர்ஆன் மத்ரஸாவில் லெப்பை எங்களை ஹவுழடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தான் செய்து காட்டினார். எங்களைச் செய்யச் சொன்னார். முழங்கையில் தண்ணீர் படாத இடத்தைத் தொட்டுக் காட்டித் திரும்பவும் கழுவச் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வக்திலும் செய்தோம். அறுபது வயதில் எல்லாவற்றையும் மறந்த மனிதருக்கும் வுழூவின் ஒழுங்கு மறப்பதில்லை.

அது தற்செயலாக வந்த முறையல்ல. மூன்றாவது கலீஃபா உஸ்மான் (ரழி) அவர்கள் தண்ணீர் கொண்டுவரச் செய்து, மக்கள் பார்த்திருக்க வுழூச் செய்து காட்டி, நபி (ஸல்) அவர்கள் செய்ததைக் கற்பித்ததாக ஹதீஸ் கிரந்தங்கள் சொல்கின்றன. அவசரமாகத் தொழுத ஒருவரை நபியவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பி மீண்டும் தொழச் சொன்னதும், அவராகவே 'எனக்குக் கற்றுத் தாருங்கள்' என்று கேட்ட பின்பே விளக்கியதும் எல்லோரும் அறிந்த சம்பவம். கற்பவனுக்குத் தேவை உணரப்பட வேண்டும், பின் காட்ட வேண்டும், பின் அவனே செய்ய வேண்டும். 'ஐந்து ஈ' சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஒரு நாளைக்கு ஐந்து முறை கை கழுவப் பழகிய சமூகத்தின் பிள்ளைக்கு, சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதை மட்டும் நாம் ஏன் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறோம்?

பங்களாதேஷ் தாய்மார் படித்த பாடம்

செய்து பழகும் கல்வி ஒரு வகுப்பறைக்குத்தான் சரிவரும், முழு நாட்டுக்கும் சரிவராது என்று சிலர் நினைக்கலாம். பங்களாதேஷின் அனுபவம் வேறு. வயிற்றோட்டத்தால் பிள்ளைகள் பெருந்தொகையாக இறந்துகொண்டிருந்த காலத்தில், பஸ்லே ஹசன் ஆபித் ஆரம்பித்த பிராக் நிறுவனம் 1980இலிருந்து 1990 வரை கிராமம் கிராமமாக வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து பிள்ளைக்குக் கொடுப்பதே பாடம். எம்மிடம் இன்று ஜீவனிப் பக்கற்றில் இருப்பதன் வீட்டு வடிவம் அது. ஒரு கோடி இருபது இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாய்மாரில் மிகப் பெரும்பாலானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

இந்தத் திட்டத்தில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஊழியர் சொல்லிவிட்டுப் போகவில்லை. தாயைக் கொண்டே தன் வீட்டுப் பாத்திரத்தில் கரைசலைச் செய்வித்தார்.

இரண்டு, மதிப்பீடு. சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைத் தெரிவு செய்து, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகச் செய்கிறாரா என்று பார்த்தார். அதற்கேற்பவே ஊழியரின் சம்பளம் அமைந்தது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்கவில்லை. எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டார்கள்.

மூன்று, இவ்வளவு செய்தும் ஆரம்பத்தில் பல தாய்மார் கரைசலைச் செய்யத் தெரிந்தும் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவில்லை. காரணத்தைத் தேடியபோது, படிப்பித்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது தெரிய வந்தது. தமக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் குளிசை போட்டார்கள். வீட்டில் முடிவெடுக்கும் ஆண்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பதும் தெரிந்தது. எனவே முதலில் ஊழியர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள், அவர்களையே குடிக்கச் செய்தார்கள். ஆண்களுடன் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் பேசினார்கள். அதன்பின்தான் பாவனை கூடியது.

பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போகும் பாடம்

இரண்டாவது உதாரணம் வசதியான நாடொன்றில் இருந்து. டென்மார்க் 2005இல் பாடசாலைகளில் சீ.பி.ஆர். எனப்படும், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அக்காலத்தில் 35,000 பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காற்றடிக்கும் சிறிய பொம்மைகளைக் கொடுத்து, வீட்டாருக்கும் பழக்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளை சராசரியாக இரண்டரைப் பேருக்குப் பழக்கியது. வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்குப் பக்கத்தில் நின்ற பொதுமக்களே நெஞ்சழுத்தம் கொடுத்த வீதம், 2001இல் 21 ஆக இருந்து 2010இல் 45 ஆக உயர்ந்தது. பாடசாலைப் பயிற்சி அதற்கு ஒரு காரணம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் இதே பயிற்சி தேவைப்பட்டது இன்னொரு காரணம். முப்பது நாட்களுக்குப் பின்னும் உயிரோடிருந்தோர் 3.5 வீதத்திலிருந்து 10.8 வீதமானார்கள்.

கடலும் களப்பும் வாய்க்காலும் உள்ள எமது ஊர்களில் 1990 அம்புலன்ஸ் வந்து சேரும் வரையான நிமிடங்களுக்கு யார் பொறுப்பு? பொம்மை வாங்கக் காசில்லை என்பது உண்மை. ஆனால் ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை என்ற தாளத்தை இறுக்கமான ஒரு தலையணையிலும் பழகலாம்.

நம்பிக்கை என்ற பாடம்

முஸ்லிம் வகுப்பறை ஒன்றில் சுகாதாரம் படிப்பிப்பவர் தவிர்க்க முடியாத ஒரு கேள்வி இருக்கிறது. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்கும்படி வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அது மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் எரிக்கப்பட்ட ஜனாஸாக்களின் காயம் இன்னும் ஆறவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தாலும் அது ஒரு தாளில் ஆறும் காயமல்ல. சுகாதாரத்தின் பெயரால் அநியாயம் நடந்ததைக் கண்ட பிள்ளை, சுகாதாரத் திணைக்களம் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது.

அதற்கு மௌனம் பதிலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் அனுமதித்தது என்பதையும், நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லப்பட்ட பயத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அன்று விஞ்ஞானம் எங்களோடுதான் நின்றது. வர்த்தமானிக்கும் ஆதாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறியத் தெரிந்த பிள்ளைதான், நாளை தடுப்பூசியைப் பற்றி வட்ஸ்அப்பில் வரும் பொய்யையும் பிரித்தறியும். பங்களாதேஷ் ஊழியர்களின் கதை சொல்வதும் இதைத்தான்: நம்பாதவரால் படிப்பிக்க முடியாது, நம்பிக்கை இல்லாத வீட்டில் படித்தது பாவனைக்கு வராது.

என்ன கேட்க வேண்டும்?

இவையெல்லாம் இலங்கைக்குப் புதிதுமல்ல. 1916இல் றொக்பெல்லர் மன்றம் இங்கே கொழுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், மலசலகூடமும் பழக்கமும் இல்லாத இடத்தில் புழு திரும்பி வந்தது. அந்தப் பாடத்துக்குப் பின்பே 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு உருவானது. ஒரு குறித்த பிரதேசம், அதற்கொரு சுகாதார வைத்திய அதிகாரி, வீடுவீடாகப் போகும் பரிசோதகரும் குடும்ப நல மாதும் என்பது அதன் அமைப்பு. இன்று எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் எம்.ஓ.எச். அலுவலகம் அதன் வாரிசு. சரியாக நூறு வருடங்கள். வகுப்பறையை விட்டு வீட்டுக்குப் போன அந்த முறைதான் மலேரியாவை ஒழித்த நாடாக 2016இல் எம்மை ஆக்கிய சேவைக்கும் அடித்தளம்.

எனவே 2027க்கு முன் நாம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் விஷயங்கள் அல்ல.

சுகாதாரப் பாடத்துக்குச் செயன்முறை மதிப்பீடு வேண்டும். கை கழுவுதல், ஜீவனி கரைத்தல், காயத்தைக் கட்டுதல், நெஞ்சழுத்தம், உணவுப் பொதியின் விபரத்தை வாசித்துச் சீனியின் அளவைக் கணித்தல் ஆகியவற்றைப் பிள்ளை ஆசிரியர் முன் செய்து காட்டிப் புள்ளி பெற வேண்டும். அந்தப் புள்ளி இறுதிப் பெறுபேற்றில் சேர வேண்டும். சேராவிட்டால் அதை யாரும் மதிக்கமாட்டார்கள்.

தவணைக்கு ஒன்றாவது வீட்டில் முடியும் பாடமாக இருக்க வேண்டும். பின்வளவைச் சுற்றிப் பார்த்துத் தண்ணீர் நிற்கும் இடங்களை எண்ணி, ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணி வரும் பிள்ளையின் கொப்பி, பத்துப் பக்கக் குறிப்பைவிடப் பெறுமதியானது. உம்மாவும் வாப்பாவும் அதில் கையெழுத்து வைக்கட்டும்.

கல்வி வலயங்களும் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் சேர்ந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைக்க வேண்டும். பி.எச்.ஐ.யும் குடும்ப நல மாதும் வருடத்துக்கு ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போகும் விருந்தாளிகளாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் பருவமடைதல் பற்றிய பாடத்தைப் பக்கம் புரட்டித் தாண்டாமல், பெண் ஆசிரியையும் குடும்ப நல மாதும் கண்ணியமாக நடத்தலாம்.

தமிழ் மொடியூல் எங்கள் வாழ்க்கையில் இருந்து எழுதப்பட வேண்டும். இடியப்பமும் புட்டும் சோறும், கந்தூரிச் சாப்பாடும், நோன்பு திறக்கும்போது குடிக்கும் சர்பத்தும் இல்லாத போசணைப் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டுக் கதை.

பள்ளிவாசல்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சமையல் உம்மாவின் கையில் இருந்தாலும் சாமான் வாங்கும் காசு பெரும்பாலும் வாப்பாவின் கையில். பாடசாலையில் அந்தத் தவணை என்ன படிப்பித்தார்கள் என்பதை ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் சொன்னால், பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வரும் பாடத்துக்கு வாசல் திறந்திருக்கும்.

அரசாங்கம் இவற்றைத் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சவர்க்காரமும் ஒரு வாளித் தண்ணீரும் எல்லாப் பாடசாலையிலும் இருக்கும். அடுத்த சுகாதாரப் பாடவேளையில் கொப்பியை மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போக எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. ஆனால் பரீட்சையில் அதற்குப் புள்ளி இருந்தால்தான் எல்லா ஆசிரியரும் அதைச் செய்வார்கள். அந்தப் புள்ளியைக் கேட்க வேண்டியது பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும்தான். 2027 வந்த பிறகு கேட்டால், புத்தகம் அச்சாகி முடிந்துவிட்டது என்பார்கள்.